விதையிலிருந்து வளர்க்கும் கொத்தமல்லி: அறிகுறியைக் கொண்டு பிழை நீக்கும் வழிமுறை

கொத்தமல்லி விரைவாக வளர்ந்து விரைவாக முடிந்துபோகும் செடி. விதைத்த 35 முதல் 50 நாளுக்குள் இலை பறிக்கலாம். மூன்று மாதத்துக்குச் சற்று மேலே போனால் காய் முற்றிச் செடியே காய்ந்துவிடும். இவ்வளவு குறுகிய ஆயுளில், ஒரு கோளாறு என்னவென்று யோசிக்க ஒரு வாரமும் அதைச் சரிசெய்ய இரண்டு வாரமும் போய்விட்டால், பறிப்பதற்கென்று எதுவும் மிஞ்சாது. ஆகவே, இந்த வழிமுறையில் ஒவ்வோர் அறிகுறிக்கும் உரிய காரணத்தோடு, அந்தச் செடியைக் காப்பாற்ற முயல்வதா அல்லது மறுபடி விதைப்பதே மேலா என்பதையும் சேர்த்தே சொல்லியிருக்கிறேன். அறிகுறிகள் செடியின் வயதை ஒட்டி வரிசைப்படுத்தப்பட்டுள்ளன.

எந்த அறிகுறியாக இருந்தாலும், உரமோ மருந்தோ தேடுவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். பிறகு தொட்டியை ஒரு பக்கமாகத் தூக்கி, அடியிலுள்ள துளைகள் அடைபடாமல் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். வீட்டில் வளரும் கொத்தமல்லிக்கு வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை நீரிலும் வேரிலும் தொடங்குகின்றன. இலை அதைக் காலம் தாழ்த்தித்தான் காட்டும்.

பத்து நாளாகியும் ஒன்றும் முளைக்கவில்லை

பத்து நாள் என்பது கைவிடும் கெடு அன்று. நாம் விதை என்று சொல்லும் அந்த உருண்டை, உண்மையில் காய்ந்த ஒரு கனி. அதனுள்ளே இரண்டு விதைகள் முகத்தோடு முகம் ஒட்டி இருக்கின்றன. உருண்டையை உடைக்காமல் அப்படியே விதைத்தால், அதன் தடித்த தோல் நனைந்து நெகிழ்ந்து முளை வெளிவர இரண்டு வாரம், சில வேளைகளில் மூன்று வாரம்கூட ஆகும். உடைத்து விதைத்தால் ஏழு முதல் பத்து நாளில் முளை தெரியத் தொடங்கும். உடைப்பதில் கவனம் தேவை. உருண்டைகளைத் தரையில் பரப்பி, உள்ளங்கையாலோ தட்டையான மரக்கட்டையாலோ மெதுவாக அழுத்தி உருட்டினால், மேல்தோலின் வரிகளுக்கு இடையே கீறல் விட்டு, ஒவ்வோர் உருண்டையும் இரண்டு அரைக்கோளங்களாகப் பிரியும். பிரிந்த துண்டின் உட்பக்கம் சற்றுக் குழிந்தும், வெளிப்பக்கம் வரிவரியாகவும் முழுமையாக இருக்க வேண்டும். துண்டு மேலும் நொறுங்கி உள்ளிருக்கும் வெளிறிய பருப்பு தெரிந்தால் அழுத்தம் கூடிவிட்டது என்று பொருள். அந்த விதை முளைக்காது.

உடைத்த விதையை எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் நீரில் ஊறவைத்தால் போதும். ஒரு முழு நாளுக்கு மேல் ஊறினால் காற்று கிடைக்காமல் விதை மூச்சு முட்டிக் கெடும். அதைவிட நெடுநேரம் ஊறினால் நல்லது என்ற எண்ணம் பரவலாக இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இரண்டு வாரம் கடந்தும் மண் வெறுமையாக இருந்தால், ஊகிக்க வேண்டியதில்லை. ஒரு குச்சியால் ஓரிடத்தில் மண்ணை விலக்கி, நான்கைந்து விதைகளை வெளியே எடுத்துக் கையில் வைத்துப் பாருங்கள். அவை தாமே காரணத்தைச் சொல்லும். போட்டபடியே கெட்டியாக, உள்ளே உலர்ந்து இருந்தால், ஈரம் விதையின் ஆழத்துக்கு இறங்கவே இல்லை. முற்றாகக் காய்ந்த தென்னைநார்க் கழிவு கலந்த தொட்டிகளில் ஊற்றிய நீர் ஓரமாக வழிந்து அடியில் வெளியேறிவிடுவதால் இப்படி நேரும். தொட்டியை ஒரு தட்டு நீரில் அரைமணி நேரம் வைத்துக் கீழிருந்து ஈரம் ஏறவிட்டு, பிறகு எடுத்துவிட்டால் அதே விதைகள் முளைக்க வாய்ப்பு உண்டு. விதை உப்பி, கொழகொழவென்று, விரலில் நசுங்கி நாற்றமடித்தால் நீர் மிகுதியில் அழுகிவிட்டது. அந்த மண்ணைக் கொட்டி உலர்த்திவிட்டு, வடிகால் சரியாக உள்ள புதுக் கலவையில் மறுபடி விதைக்க வேண்டும். வெண்ணிற வேர்முனை வெளிவந்து, தளிர் மட்டும் மேலே வர முடியாமல் வளைந்து நின்றால், விதை ஆழமாகப் போய்விட்டது, அல்லது மேல்மண் இறுகி ஓடாகிவிட்டது. விதைப்பு ஆழம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் போக வேண்டியதில்லை. இறுகிய மேல்மண்ணைப் பூந்தூறலாக நனைத்து நெகிழ்த்தினால் ஓரிரு நாளில் முளை எழும். விதையே அகப்படாவிட்டால் எறும்போ பறவையோ எடுத்துப் போயிருக்கும். அடுத்த முறை முளை தெரியும்வரை ஒரு மெல்லிய துணியாலோ வலையாலோ மூடிவையுங்கள்.

விதையில் குற்றமில்லை, ஈரமும் சரி, ஆனாலும் முளைக்கவில்லை என்றால் வெப்பத்தைப் பாருங்கள். மண்ணின் வெப்பம் 15 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும்போது கொத்தமல்லி நன்றாக முளைக்கிறது; 30 டிகிரியைத் தாண்டினால் முளைப்பு குறைந்து, முறையின்றிப் போகிறது. கரும்பிளாஸ்டிக் தொட்டி வெயிலில் நிற்கும்போது அதன் மண், சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாகிவிடும். முளைக்கும் வரை நிழலில் வைப்பதால் எந்த இழப்பும் இல்லை, ஏனென்றால் முளைப்பதற்கு வெளிச்சம் தேவையில்லை.

சமையலுக்கு வாங்கிய மல்லி முளைக்குமா என்று பலரும் கேட்பது உண்டு. பெரும்பாலும் முளைக்கும். ஆனால் அது எவ்வளவு பழையது, எந்தச் சூட்டில் உலர்த்தப்பட்டது என்பது வெளியே தெரியாது. இருபது விதைகளை ஈரத்துணியில் மடித்து, காற்றோட்டம் உள்ள டப்பாவில் இரண்டு வாரம் ஈரம் காயாமல் வைத்து எண்ணிப் பாருங்கள். பாதிக்குக் குறைவாக முளைத்தால் வேறு விதை வாங்குவதே நல்லது; மூன்றாண்டுக்கு மேற்பட்ட விதையில் இந்த எண்ணிக்கை குறையத் தொடங்கும்.

ஓரிடத்தில் அடர்த்தியாகவும் வேறிடத்தில் வெறுமையாகவும் முளைத்திருக்கிறது

குவளையால் நீர் ஊற்றியதில் விதைகள் மிதந்து ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். பூவாளியின் மெல்லிய தாரையைப் பயன்படுத்துங்கள். அடர்ந்த இடத்திலுள்ள நாற்றுகளைப் பிடுங்கி வெற்றிடத்தில் நட வேண்டாம். கொத்தமல்லிக்கு நீண்ட ஆணிவேர் இருப்பதால் இடமாற்றத்தைத் தாங்காது. வெற்றிடத்தில் புதிதாகச் சில விதைகளை ஊன்றுவதே எளிது. அடர்ந்த இடத்தில் மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டருக்கு ஒன்று என்று விட்டு, மற்றவற்றைக் கத்தரியால் அடியில் நறுக்கி எடுங்கள். பிடுங்கினால் பக்கத்து நாற்றின் வேரும் அசையும்.

நாற்று நீண்டு, வெளிறி, ஒரு பக்கமாகச் சாய்கிறது

இது வெளிச்சக் குறைவு. நாளுக்கு நான்கைந்து மணி நேரமாவது நேரடி வெயிலோ, அதற்கு ஈடான விளக்கொளியோ தேவை. நீண்ட நாற்று மறுபடி குட்டையாகாது. ஆனாலும் அடித்தண்டைச் சுற்றி ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு மண் அணைத்து, இடத்தை மாற்றினால் அது நிமிர்ந்து புதிய இலைகளைத் திடமாக விடும். காப்பாற்றத் தகுந்த நிலைதான் இது. ஒரேயடியாகக் கடும் வெயிலுக்கு மாற்றாமல் மூன்று நான்கு நாள் சிறிது சிறிதாகப் பழக்குங்கள்.

நாற்று திடீரென்று அடியில் மடிந்து விழுகிறது

காலையில் நிமிர்ந்து நின்ற நாற்று மாலையில் படுத்துக் கிடக்கும். மேலே இலை இன்னும் பச்சையாகவே இருக்கும். விழுந்த ஒன்றை எடுத்து, தண்டு மண்ணைத் தொட்ட இடத்தை வெளிச்சத்தில் பாருங்கள். அந்த ஓரிடம் மட்டும் நீர் கோத்து, பழுப்பேறி, மெலிந்து நூல் போலாகியிருக்கும். அதற்கு மேலும் கீழும் தண்டு இயல்பான பருமனில் இருக்கும். இதுவே நாற்றழுகல் நோய். பித்தியம், ரைசோக்டோனியா போன்ற மண்வாழ் உயிரிகளால் வருவது. மிகை ஈரமும், நெருக்கமான விதைப்பும், காற்று அசையாத மூலையும் இதற்கு வழிவிடுகின்றன.

விழுந்த நாற்று பிழைக்காது. எஞ்சியவற்றைக் காக்க, விழுந்தவற்றைச் சுற்றியுள்ள மண்ணோடு ஒரு கரண்டியால் வாரி எறிந்து, மேல்மண் காயும்வரை நீர் விடுவதை நிறுத்தி, காற்றோட்டமான இடத்துக்குத் தொட்டியை மாற்றுங்கள். மறுநாளும் பரவினால் தயங்காமல் முழுவதையும் அகற்றிவிடலாம். அதே மண்ணில் உடனே மறுபடி விதைப்பதைத்தான் நான் கண்டிப்பாக வேண்டாம் என்பேன். தொட்டியைச் சோப்பு நீரில் கழுவிக் காயவைத்து, புதுக் கலவை நிரப்புங்கள். இலைகளை உண்பதற்காக வளர்க்கும் செடியில் பூசணக்கொல்லி தெளிப்பதைக் காட்டிலும் இரண்டு வாரம் பிந்துவது பெரிய இழப்பு அன்று.

மண்ணின் மேல் வெண்பூசணம் படர்ந்தோ, சிறு கரும் ஈக்கள் பறந்தோ இருந்தால், அவையே நோய் அல்ல. மண் எப்போதும் ஈரமாக இருக்கிறது என்பதற்கான எச்சரிக்கைதான். மேற்பரப்பைக் கிளறிக் காயவிட்டால் இரண்டும் அடங்கும்.

வளர்ந்த செடி வாடித் தொங்குகிறது

ஒரே தோற்றத்துக்கு நேரெதிரான காரணங்கள் இருப்பதால், இந்த அறிகுறியில்தான் தவறான மருத்துவம் அதிகம் நடக்கிறது. நண்பகலில் வாடி, மாலையில் தானே நிமிர்ந்தால் அது வெப்பத்தின் விளைவு. பிற்பகல் நிழல் கொடுத்தால் போதும். மாலையிலும் நிமிராமல், விரலுக்கு மண் உலர்ந்தும், தொட்டி எடை குறைந்தும் இருந்தால் தாகம்; அடித்துளையில் நீர் வெளிவரும் வரை நிதானமாக ஊற்றினால் சில மணி நேரத்தில் தேறும். மண் ஈரமாக இருந்தும் செடி வாடினால், அங்கே நீர் ஊற்றுவது நோயை வளர்ப்பதாகும். அப்போது ஓரத்தில் உள்ள ஒரு செடியைத் தோண்டி எடுத்து வேரைக் கழுவிப் பாருங்கள். நல்ல வேர் வெளிறிய நிறத்தில் உறுதியாக இருக்கும். அழுகிய வேர் பழுப்பாகி, இழுத்தால் மேல்தோல் உறைபோலக் கழன்று வரும். வேர் வெளியே நன்றாகத் தெரிந்தும் செடி வாடினால், தண்டின் அடியை நீளவாக்கில் கீறிப் பாருங்கள். உள்ளே நீர் ஏறும் குழாய்த் திசு பழுப்பு நிறமாக மாறியிருந்தால், அது பியூசேரியம் என்ற பூசணத்தால் வரும் வாடல் நோயாக இருக்கலாம்.

அழுகலின் தொடக்கமாக இருந்தால், மண்ணைக் காயவிட்டு, அடித்துளையைச் சீராக்கிப் பாதிச் செடிகளையாவது மீட்கலாம். வாடல் நோய்க்கு மீட்பு இல்லை. அந்தச் செடிகளை வேரோடு அகற்றி, மட்கு உரக் குழியில் போடாமல் அப்புறப்படுத்துங்கள்; அந்த மண்ணில் இனி கொத்தமல்லியை விதைக்காமல் வேறு குடும்பத்துச் செடிகளுக்கு விட்டுவிடுங்கள்.

தொட்டியின் ஆழத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். அகலத் தட்டுகளில் கொத்தமல்லி அழகாக முளைக்கும். ஆனால் ஆணிவேர் அடியில் முட்டிச் சுருண்டவுடன், காலையில் விட்ட நீர் மாலைக்குள் தீர்ந்து, செடி தினமும் வாடத் தொடங்கும். 20 சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழம் வேண்டும்.

இலை மஞ்சளாகிறது, அல்லது சிவந்து போகிறது

மஞ்சள் எந்த இலையில் தொடங்குகிறது என்பதைக் கவனியுங்கள். கீழே உள்ள முதிர்ந்த இலைகள் சீராக மஞ்சளாகி, மேலே பச்சை நிற்குமானால் தழைச்சத்து (நைட்ரஜன்) பற்றவில்லை. தென்னைநார்க் கழிவை மட்டும் நிரப்பிய தொட்டிகளில் இது மூன்றாவது வாரத்திலேயே வரக்கூடும், ஏனெனில் அதில் சத்து மிகக் குறைவு. மண்புழு உரத்தை ஒரு கைப்பிடி மேல்மண்ணில் கலந்து நீர் விடுங்கள். மஞ்சளான இலை திரும்பாது, புதிய இலை பச்சையாக வரும். இளம் இலைகளில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி வெளிறியும் இருந்தால் இரும்புச்சத்து ஏறவில்லை. மண்ணில் இல்லாததால் மட்டுமன்றி, ஈரம் மிகுந்து வேர் தளர்ந்ததாலும், மண் காரத்தன்மை கூடியதாலும் இது நேரலாம். எல்லா இலையும் ஒருங்கே மஞ்சளாகி மண்ணும் ஈரமாக இருந்தால் முந்தைய பகுதியில் சொன்ன வேர்ச்சோதனையைச் செய்யுங்கள்.

சிவப்போ ஊதாவோ ஏறுவது பெரும்பாலும் குளிர், நீர்த்தட்டுப்பாடு, வேர் நெருக்கம் ஆகியவற்றால் செடி படும் அயர்ச்சியின் அடையாளம். குளிர் விலகியும் நிறம் மாறாவிட்டால் மணிச்சத்துக் (பாஸ்பரஸ்) குறைவை எண்ணிப் பார்க்கலாம்.

இலையில் மாவு, புள்ளி, வீக்கம், பூச்சி

வெண்மாவு பூசியது போன்ற படலம் சாம்பல் நோய். காற்றோட்டம் குறைந்த நெருக்கத்தில் வரும். பாதித்த இலைகளை நறுக்கி, செடிகளைக் கலைத்து இடைவெளி விடுங்கள். நரம்புகளுக்கு இடையே கோணம் கோணமாக, முதலில் நீர் கோத்தும் பிறகு கறுத்தும் தோன்றும் புள்ளிகள் பாக்டீரியாவால் வருபவை. இது விதையோடு வந்து, இலைமேல் தெறிக்கும் நீரால் பரவும். ஆகவே நீரை இலையின் மேல் ஊற்றாமல் அடியில் விடுவது இதற்கு முதல் தடுப்பு. தண்டிலும் இலை நரம்பிலும் கொப்புளம் போன்ற வீக்கங்கள் எழுந்தால் அது தண்டு வீக்க நோய். அந்தச் செடியை உடனே பிடுங்கிவிடுங்கள், அதன் காயை விதைக்கென்று எடுக்கவே கூடாது.

குருத்து சுருண்டு, பிசுபிசுத்து, எறும்பு ஏறினால் அசுவினி என்ற சாறு உறிஞ்சும் சிறு பூச்சி இருக்கிறது. இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். நீரைப் பீய்ச்சிக் கழுவுவதை இரண்டு நாளுக்கு ஒருமுறை செய்தாலே பெரும்பாலும் கட்டுக்குள் வரும். வராவிட்டால் ஒரு லிட்டர் நீருக்கு ஐந்து மில்லிலிட்டர் வேப்பெண்ணெயைச் சில துளி சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் தெளித்து, ஒரு வாரம் கழித்தே, நன்கு கழுவிய பின், இலையைப் பயன்படுத்துங்கள். பூத்துவிட்ட செடிகளில் தேனீ வரும் என்பதால் தெளிப்பதைத் தவிருங்கள்.

இலை தழைப்பதற்குள் பூந்தண்டு எழும்புகிறது

அகன்ற இலை விட்டுக்கொண்டிருந்த செடி, திடீரென்று நடுவிலிருந்து உயர்ந்து, இலைகள் மெலிந்து சோம்பின் இலையைப் போலப் பிரியத் தொடங்கினால், அது பூக்க முடிவு செய்துவிட்டது. நீண்ட பகலும் வெப்பமும் கொத்தமல்லியைப் பூக்கத் தூண்டுகின்றன. நீர் விட்டு விட்டுக் காய்வதும், நாற்றை இடம் மாற்றி நடுவதும் அதை மேலும் விரைவுபடுத்துகின்றன. இதை நோயென்று கருதி உரம் இடுவது வீண். நடுத்தண்டைக் கிள்ளினால் சில நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான். செடி பழைய அகன்ற இலைக்குத் திரும்பாது.

செய்யத்தக்கது விதைப்பின் அளவிலும் காலத்திலும்தான் இருக்கிறது. பெரிய தொட்டி முழுவதையும் ஒரே நாளில் விதைக்காமல், இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை சிறு சிறு தொட்டியாக விதைத்துவந்தால், ஒன்று பூக்கும்போது அடுத்தது பறிக்கும் பருவத்தில் இருக்கும். கொத்தமல்லியைத் தொடர்ந்து பெற விரும்புவோருக்கு இதைவிடப் பயனுள்ள ஒரு பழக்கத்தை என்னால் சொல்ல முடியாது. வெப்பம் மிகுந்த பருவத்தில் காலை வெயிலும் பிற்பகல் நிழலும் கிடைக்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். விளக்கொளியில் வளர்ப்போர் நாளுக்கு 12 மணி நேர அளவில் நிறுத்திக்கொள்வது நல்லது; இரவும் எரியும் விளக்கைச் செடி நீண்ட பகலாகவே எடுத்துக்கொள்ளும். சான்டோ, காலிப்சோ போன்ற, தாமதமாகப் பூக்கும் ரகங்களும் உண்டு. அவை காலத்தைக் கூட்டித் தரும், பூப்பதை நிறுத்திவிடா.

அறுத்த பிறகு மறுபடி தழைக்கவில்லை

நடுக்குருத்தையும் சேர்த்து வெட்டியிருப்பீர்கள். புதிய இலை செடியின் நடுவிலிருந்து வருவதால், வெளிச்சுற்றில் உள்ள இலைக்காம்புகளை மட்டும் அடியில் நறுக்கி, ஒரு முறைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமல் விடுங்கள். மண்ணோடு ஒட்ட அறுத்த செடிக்காகக் காத்திருப்பதைவிட, புதிதாக விதைப்பதே விரைவில் பயன் தரும்.

செடி செழிப்பாக இருக்கிறது, மணம் இல்லை

தழைச்சத்து உரம் மிகுதியானாலும் வெயில் குறைந்தாலும் இலை பெரிதாகி மணம் மங்கும். உரத்தை நிறுத்தி வெயிலைக் கூட்டுங்கள். வீட்டில் ஒருவருக்கு மட்டும் சோப்பு வாடை அடிப்பதாகத் தோன்றினால் அது செடியின் குறையன்று. கொத்தமல்லி இலையின் மணத்துக்குக் காரணமான ஆல்டிஹைடு சேர்மங்களைச் சிலர் கூடுதலாக உணர்கிறார்கள்; மூக்கில் மணத்தை உணரும் ஏற்பி ஒன்றுக்கான ஓஆர்6ஏ2 மரபணுவை ஒட்டிய வேறுபாட்டோடு இதற்குத் தொடர்பு உண்டு என்று 2012இல் வெளியான ஆய்வு காட்டியது.

பூத்தும் காய் பிடிக்கவில்லை

ஒரே பூவில் மகரந்தம் முதலிலும், அதை ஏற்கும் சூல்முடி பிறகும் பக்குவப்படுவதால், கொத்தமல்லிக்குப் பூவிலிருந்து பூவுக்கு மகரந்தத்தைக் கொண்டுசெல்லும் பூச்சிகள் வேண்டும். மூடிய பால்கனியிலும் அறைக்குள்ளும் அவை வருவதில்லை. வெயில் ஏறுவதற்கு முன், மெல்லிய தூரிகையால் ஒரு பூக்கொத்திலிருந்து இன்னொரு பூக்கொத்துக்கு என்று நான்கைந்து நாள் தொடர்ந்து தடவிக்கொடுத்தால் காய் பிடிக்கும். கடும் வெப்பமும் வறட்சியும் உள்ள வாரத்தில் அதுவும் பலன் தராமல் பூ கருகி உதிரலாம். அப்போது நிழலும் சீரான ஈரமும் மட்டுமே உதவும்.

பச்சைக் காயை நசுக்கினால் மூட்டைப்பூச்சியின் வாடை வருவது இயல்பு. முற்றும்போது அது மாறி, உலர்ந்த மல்லியின் இனிய மணம் வரும். கொத்தில் மூன்றில் இரண்டு பங்கு காய் பழுப்பானவுடன், உதிர்வதற்கு முன் தண்டோடு வெட்டி, காகிதப் பைக்குள் தலைகீழாகத் தொங்கவிட்டு நிழலில் உலர்த்துங்கள். நோய் தாக்கிய செடியின் காயை இதில் சேர்க்க வேண்டாம். முழுவதும் காய்ந்தபின் உருண்டைகளை உடைக்காமல் காற்றுப் புகாத டப்பாவில், ஆண்டைக் குறித்து, சூடில்லாத இடத்தில் வைத்திருங்கள். உடைப்பது விதைக்கும் நாளில் செய்ய வேண்டிய வேலை.